கணக்குப் புலிகளுக்கு ஒரு பாராட்டு

விமான நிறுவன நிர்வாகத்தாரே, காங்கேயத்திலிருந்து எழுதுகிறோம். கணக்குப் பார்ப்பதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெயர் இனி உங்களுக்கே சேரட்டும்.

இங்கே தாராபுரம் ரோட்டில் போனால் வழியெல்லாம் தேங்காய் உலர்களங்கள். உடைத்த தேங்காய்களைக் களம் முழுக்கப் பரப்பியிருப்பார்கள். மேகம் கறுத்தால் போதும், நாலு பேர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் களத்தில் வேலை கிடையாது, வேலையில்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது. இது நியாயமில்லை என்று களத்துக்காரருக்கும் தெரியும். அதனால்தான் நல்ல முதலாளிகள் மழை நாளில் செலவுக்காவது ஏதேனும் கொடுத்து அனுப்புவார்கள். மழை நாளின் நட்டத்தை உழைப்பவர் தலையில் இறக்கும் இந்த ஏற்பாட்டை ஏர்பஸ் ஓட்டுகிறவர் வரைக்கும் கொண்டுபோக முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது.

விமானிக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வருகிறது. விமானம் நிற்கும் இடத்தைவிட்டு நகர்ந்த நிமிஷம் முதல், இறங்கி மறுபடி நிற்கும் நிமிஷம் வரைதான் அந்தக் கணக்கு. பனிமூட்டத்தில் நகராமல் காத்திருந்ததும், புறப்படுமுன் சரிபார்த்த வேலையும் அதில் சேராது. ஆகவே மாதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கான பணம் எப்படியும் உண்டு என்று ஓர் உத்தரவாதம் இருந்தது. ஏர் இந்தியாவில் கொரோனாவுக்கு முன் அது 70 மணி. எஞ்சின் பழுதாகி விமானம் கிடந்தாலும், பயணிகள் குறைந்தாலும், அந்த நட்டம் நிறுவனத்தோடு நின்றது. தொற்றுக்காலத்தில் அதை 20 ஆக்கினார்கள். ஊரே முடங்கிய நேரம், விமானிகள் பொறுத்துக்கொண்டார்கள். தொற்று போனது, விமானங்கள் நிரம்பி வழிந்தன. 2023 ஏப்ரலில் வந்த புதிய சம்பளத் திட்டத்தில் உத்தரவாதம் 40 மணியோடு நின்றுவிட்டது. இரண்டு விமானிகள் சங்கங்கள் ஏற்க மறுத்தன. மறுவருஷம் அதே 40-ஐ, ஏர் இந்தியாவோடு இணையவிருந்த விஸ்தாராவுக்கும் நீட்டினீர்கள். 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் விமானிகள் போதாமல் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தாயின. கடைசியில் தினமும் 25 முதல் 30 விமானங்களை நிறுவனமே குறைத்துக்கொண்டது. முப்பது மணி நேரத்தை மிச்சம்பிடித்து, தினம் முப்பது விமானங்களை விட்டுக்கொடுத்த தாராளத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் தோப்பை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பைலட் படிப்புக்கு அனுப்புகிறார்கள். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் கைக்காசு. அதற்கு மேல் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்டத் தனிப் பயிற்சி, தனிக் கட்டணம். பாங்கில் வாங்கிய கடனுக்குத் தவணை மாதாமாதம் முழுசாகவே வரும். இந்த மாதம் பிள்ளை 40 மணிதான் பறந்தான் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னால், அவருக்கு உங்கள் அளவுக்குக் கணக்கு வராது.

பறக்காத மாதத்தில் இப்படி என்றால், பறக்கும் மாதத்தில் உங்கள் அக்கறை இன்னும் பெரிது. ஒரு மணிகூட வீணாகாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு ஒரு விமானி ஓடுபாதை விளக்குகளைப் பார்த்து இறங்குகிறார். முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் தூங்குகிறார்கள். அவருக்கும் கண் சொக்கும் என்பதை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒப்புக்கொண்டு, 2024 ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. அந்த ஜூனிலேயே வரவேண்டிய விதி, உங்கள் வேண்டுகோளால் தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையில் நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தயாராகாத இண்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் சரிந்தது. 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. கோவை பீளமேடு விமான நிலையத்தில் பெட்டியோடு நின்றவர்களில் முகூர்த்தத்துக்குக் கிளம்பியவர்களும் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்களும் இருந்தார்கள்.

இயக்குநரகத்தின் இரக்கத்தையும் சொல்ல வேண்டும். விடுப்பு நாளை வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியை அன்றே திரும்பப் பெற்றது. இரவுப் பணி வரம்புகளில் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் தந்தது. தயாராகாதவர் நிறுவனம், ஓய்வை விட்டுக்கொடுத்தவர் விமானி. அப்புறம் 22.2 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2024–25-இல் இண்டிகோவின் லாபம் சுமார் 7,258 கோடி. வகுத்துப் பார்த்தால் அபராதம் ஒரு நாள் லாபத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இன்னொரு விதியும் இருக்கிறது, 2017-இல் வந்தது. கேப்டன் வேலையைவிட்டுப் போவதானால் ஓராண்டு முன்பே எழுதித்தர வேண்டும். துணை விமானி ஆறு மாதம். திடீரென்று ஆள் போனால் பயணிகள் தவிப்பார்களாம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அவகாசம் கிடைத்தும் ஓர் ஓய்வு விதிக்குத் தயாராகாத துறையில், ஒற்றை ஆளாக நிற்கும் விமானியிடம் ஓராண்டு முன்யோசனை கேட்கிறீர்கள். அவரும் கொடுத்துவிட்டு, அந்த ஓராண்டும் நீங்கள் போடும் ரோஸ்டரில் பறக்கிறார்.