ஆணியில் தொங்கும் கார்டு

கிரைண்டர் என்றதும் இட்லி மாவு நினைவுக்கு வருகிறவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்காது. வெல்டிங் பட்டறையிலும், கேட் மாட்ட வந்த வீட்டு வாசலிலும் நாலு இன்ச் கட்டிங் மெஷினால் இரும்பு அறுக்கிறவர். கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு குந்தி, பைப்பைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார். பட்டறையில் வைஸ் உண்டு; அதன்மேல் டீ கிளாஸ் இருக்கும். கண்ணாடி போடுவதற்குப் பதில் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். பிளக் என்ற ஒன்று கிடையாது. வயரின் இரண்டு நுனியையும் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் ஆப்பு அடித்திருப்பார். வீலை மூட வேண்டிய கார்டு மட்டும் பத்திரமாகச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில்.

இவரைக் கவனமில்லாதவர் என்பது அநியாயம். அரை நூல் பிசகாமல் அறுப்பார். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். மெஷினை மைத்துனனுக்குக்கூட இரவல் தரமாட்டார். கோளாறு கவனத்தில் இல்லை, கணக்கில். “முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்பார். முப்பது வருஷமும் வேலை செய்தது அதே கைதான், ஒப்புக்கொள்ளலாம். வீல்? இன்றைக்கு மாட்டியது நேற்றுப் பிரித்த பெட்டியில் வந்தது. அதற்கு அனுபவம் ஒரு நாள்கூட ஆகவில்லை. இந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றுகிறது. 100 மி.மீ. வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஒருமுறை கீழே விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டோ, ஈரத்தில் கிடந்து வலுவிழந்தோ இருந்தால், தெறிக்கிற துண்டு சீனியாரிட்டி பார்க்காது. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பவர்தான் இவர். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்திலும் காலாவதித் தேதி அடித்திருக்கும் என்றால் சிரிப்பார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மெஷினுக்கே எர்த் வயர் இல்லாதபோது மூணு பின் எதற்கு என்பார். சரிதான்: சதுரத்துக்குள் சதுரம் போட்ட மெஷினுக்கு இரட்டைக் காப்பு உண்டு, எர்த் வேண்டாம். ஆனால் அந்தக் காப்பு மெஷினோடு முடிகிறது, தீக்குச்சி வரை நீளாது. டிரில்லிங் செய்யும்போது கையுறை போடு என்று சொல்லிப் போகும் இன்ஜினியரைக் கேலி செய்வார். அதுவும் சரி, சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். ஆனால் கையுறையில் ஜெயித்த வழக்கைக் கண்ணாடிக்கும் செல்லுபடியாக்கிக்கொள்கிறாரே! கார்டு இருந்தால் ஆழமாக அறுக்க முடியாது என்பது அவருடைய வலுவான வாதம். கழற்றியதன் உண்மையான காரணமும் அதிலேயே இருக்கிறது: ஏழு இன்ச் வீல் மாட்டலாம். அந்த வீலில் அதிகபட்சம் 8,500 சுற்று என்று அச்சடித்திருக்கும். நாலு இன்ச் மெஷின் அதைப் படிக்காது, தன் 11,000-த்தில்தான் சுற்றும். பீஸ் ரேட்டுக்கு வேலை, “இன்னுமா முடியல” என்று தலைக்குமேல் நிற்கும் வீட்டுக்காரர், அவசரம் எல்லாமே நிஜம். அந்த அவசரத்தில்தான் சுவிட்சை லாக்கில் விட்டு அறுக்கிறார். நடுவில் கரண்ட் போகிறது. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டீக்குப் போகிறார். கரண்ட் திரும்பும்போது வாசலில் ஆள் இல்லாமல் மெஷின் மட்டும் கிளம்பி, கிடைத்த திசையில் ஓடுகிறது. “கரண்ட் வந்துடுச்சு போல” என்று டீக்கடையிலிருந்தே நிம்மதியாகச் சொல்கிறார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆணியிலிருந்து கார்டு இறங்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைப்பார், மாட்டமாட்டார். பூஜையன்று மெஷினை யாரும் தொடக் கூடாது, பாதுகாப்பாக இருக்கும். மறுநாள் காலை பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே கார்டைப் பழைய ஆணியில் மாட்டுவார், குங்குமம் கலையாமல்.