பருவமுடிவு மடல் இலக்கணம்

நியூசிலாந்தின் இன்டர்மீடியட் பள்ளிகள் ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் பெற்றோருக்கு ஒரு மடல் விடுக்கின்றன. அதைப் படிப்போர் பலர், படித்ததாகச் சொல்வோர் அதனினும் பலர். ஆயினும் அதற்கு இதுவரை ஓர் இலக்கண நூல் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

பாயிரம் இன்றி நூல் தொடங்குவது முறையன்று. ஆகவே, எல்லை: வடக்கே கைட்டாயா, தெற்கே இன்வர்காகில். கேட்போர்: 7, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர்; அதாவது 11 முதல் 13 வயது வரையிலான, வீட்டில் எதற்கும் விடை சொல்லாத இனம். காலம்: ஆக்லாந்தில் 1922-இல் இவ்வகைப் பள்ளிகளின் முன்னோடியான கோவாய் ஜூனியர் ஹைஸ்கூல் திறந்தது தொட்டு இன்றுவரை. 1996-க்கு முன் பள்ளியாண்டுக்கு மூன்று பருவமே. நான்கானபின் மடலும் நான்காகி இலக்கியம் பெருகிற்று. பயன்: கார் நிறுத்துமிடம் எந்நாள் மூடப்படும் என முன்கூட்டி அறிதல்.

இனி நூல்.

பருவ முடிவில் பள்ளி விடுக்கும்
மடலே மூவகைச் செய்தித் தாகும்
போனதும் நிற்பதும் வருவதும் எனவே.

இதன் பொருள்: மடற்செய்தி காலத்தால் மூன்றாகும் என்றவாறு. பொருளால் பிரித்தால் என்னை எனின், அது இயலாது. நீச்சற்போட்டியும் நூலகத்துக்குத் திருப்பித் தராத புத்தகமும் ஒரே பத்தியில் வருதலின்.

போனவற்றுள் விளையாட்டு, முகாம், மாவோரி ஆடல்பாடலாகிய காப்பா ஹாக்கா விழா, பரிசளிப்பு, நன்றி ஆகியன அடங்கும். இவ்வியலில் அறியவேண்டிய விதி ஒன்றே. வென்ற அணியின் பெயர் வரும். தோற்ற அணி ‘உற்சாகத்துடன் பங்கேற்றது’ என வரும். பெயரும் வராமல் உற்சாகமும் வராமல் இருந்தால் அந்த ஆட்டத்தில் வேறேதோ நடந்திருக்கிறது.

நிற்பவை என்பன உரிமை கோராப் பொருள்கள்: கம்பளிச் சட்டை, ஒற்றைக் காலணி, தண்ணீர்ப் புட்டி, திறக்க எவரும் துணியாத உணவுப்பெட்டி. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காதவை தருமக் கடைக்குப் போகும் என்று மடல் அச்சுறுத்தும். 2024-இன் இரண்டாம் பருவம் முதல் பள்ளி நேரத்தில் கைபேசி கூடாது என நாடெங்கும் விதி வந்துவிட்டமையின், இக்குவியலில் கைபேசி சேர வழியில்லை. சீருடையின்றி வரும் ‘மஃப்டி’ நாளும் அதற்கான பொன்னிற நாணயமும் நிற்பவற்றில் சேருமா வருவனவற்றில் சேருமா என்பது எந்தக் கிழமை மடல் வந்தது என்பதைப் பொறுத்தது. அறிவிப்பைப் பெற்றோர் காண்பது பெரும்பாலும் அன்று காலை எட்டு மணிக்கு.

டிசம்பர் மடலுக்கு மட்டும் முதல், கரு, உரி கூறுதும். பெரும்பொழுது கோடை, சிறுபொழுது பிற்பகல் மூன்று மணி. மரம் சிவந்து பூத்த போஹுடுகாவா. புள் கடற்காகம், பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் மைதானத்து ரொட்டித் துணுக்குகளுக்கு இறங்குவது. உணவு, ரொட்டியில் சுருட்டிய சாஸேஜ். உரிப்பொருள் காத்திருத்தல். முல்லைக்குரியதை இங்கே வைத்தல் தகுமோ எனின், தகும்; வாயிலில் காரோடு நிற்கும் பெற்றோரைக் கண்டவர் ஐயுறார்.

வருவன தம்முள் கட்டடம் தலைமை;
இடித்தல் எழுப்பல் இடம்பெயர்த்து வைத்தல்
கசிவை அடைத்தல் சுவரினை நீக்கல்
நீக்கிய சுவரை மீட்டும் நிறுத்தலென்று
ஆறு வகைப்படும் அறியுங் காலே.

இந்நூற்பாவே நூலின் உயிர்.

கட்டடச் செய்தி பருவமுடிவில் மட்டும் திரண்டு வருவது ஏன்? பிள்ளைகள் இல்லாத நாளில்தான் வேலை நடக்கும். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைப் பெயர்க்கும்போது அருகில் குழந்தைகள் இருத்தல் ஆகாது. பருவங்களுக்கு இடையே இரண்டு வாரமே விடுமுறை. கிறிஸ்துமஸை ஒட்டிய கோடை விடுமுறையோ ஏறத்தாழ ஆறு வாரம். எனவே இடித்தல், டிசம்பர் மடலுக்கே சிறப்பாக உரியது. ஆனால் கட்டடத் தொழிலாளரும் அதே கிறிஸ்துமஸுக்குக் கடற்கரை போவார்கள் என்பதை மடல் கூறாது. உய்த்துணர்க.

எழுப்பலுக்கு விரிவுரை வேண்டா. மாவோரி மரபுப்படி விடியலில் காராக்கியா ஓதி மனையைத் தூய்மை செய்வார்கள், படம் வரும், பிறகு நெடுநாள் படம் வராது.

இடம்பெயர்த்து வைத்தல் இந்நாட்டு வழக்கில் ஓர் அழகு. ப்ரீஃபேப் எனும் மரவறையை லாரியில் ஏற்றி ஊர் உறங்கும்போது கொணர்ந்து மைதானத்து ஓரத்தில் இறக்குவர். மடல் அதைத் ‘தற்காலிக வகுப்பறை’ என்னும். அதில் படித்த பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையைச் சேர்க்க வரும்போதும் அது தற்காலிகமாகவே நிற்பது உண்டு.

கசிவு அடைத்தல், 1990-களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டு அளவும் நாடெங்கும் நடந்த ஒரு கட்டுமான நாகரிகத்தின் மிச்சம். பதப்படுத்தாத பைன் மரச்சட்டம். மேலே மூச்சுவிட வழியில்லாத பூச்சுப் பலகை. கூரைக்கு இறவாணம் கிடையாது. மழை நாட்டில் இப்படிக் கட்டினால் என்னாகும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்லியிருப்பார். மரம் உள்ளேயே உளுத்தது. வீடுகளும் பள்ளிகளும் சேர்ந்தே நனைந்தன.

ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றையொன்று துரத்துவன. 1970-களில் வகுப்பறைச் சுவர்களை அகற்றுதல் நாகரிகமாயிற்று. பிறகு சுவர்கள் மெல்லத் திரும்பின. 2010-களில் மீண்டும் அகன்றன. 22 பிப்ரவரி 2011 நிலநடுக்கத்துக்குப் பின் கிறைஸ்ட்சர்ச்சில் எழுந்த பள்ளிகள் பலவற்றில், இரண்டு மூன்று வகுப்பு ஒரே கூடத்தில் அமரும் ‘புத்தாக்கக் கற்றல் வெளி’ வந்தது. ஓர் ஆசிரியர் பின்னத்தைச் சொல்ல, பத்தடி தள்ளி இன்னொருவர் எரிமலையைச் சொல்ல, நடுவில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் கலந்த ஒரு புதுப்பாடம். 2025-இல் கல்வியமைச்சர் எரிக்கா ஸ்டான்ஃபோர்ட், இனித் திறந்தவெளி வகுப்பறைகள் கட்டப்படா என அறிவித்தார். ஆகவே இனிவரும் மடல்களில் ஆறாம் வகை பெருகும் எனக் கொள்க. எம் கருத்து: சுவர்மீது பழி இல்லை, அதை வைப்பதும் எடுப்பதும் கல்விக்கொள்கை என எண்ணியோர் மீதே.

கட்டடச் செய்திக்குரிய வினை எப்போதும் செயப்பாட்டுவினை: ‘கட்டப்படும்’, ‘மூடப்படும்’, ‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’. எழுவாய் தோன்றாது. இது கரவன்று, எழுவாய் யார் என்பதே வழக்கில் உள்ளது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நிலமும் கட்டடமும் கல்வி அமைச்சகத்துடையன. 1989-இன் சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளியை நடத்துவது பெற்றோர் தேர்ந்த வாரியம். தீட்டுவது கட்டடக் கலைஞர், எழுப்புவது ஒப்பந்தக்காரர். 2024-இல் புதிய அரசு பல பள்ளிக் கட்டடத் திட்டங்களை மறுஆய்வுக்காக நிறுத்தியபோது, ‘கட்டப்படும்’ எல்லாம் ஒரே வாரத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ ஆனது எழுவாய் இன்மையால் எளிதாயிற்று.

இனி ஒரு கடா. பள்ளியின் சொத்துத் திட்டம் பத்தாண்டுக்குரியது. பண ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. பிள்ளை இருப்பதோ இரண்டாண்டு, எட்டே பருவம். முதல் பருவத்தில் புது உணவுத் தொழில்நுட்ப அறையின் படம் கண்ட பிள்ளை, அதில் ஒரு முட்டையும் உடைக்காமல் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். ஆண்டுதோறும் பள்ளியில் பாதி வெளியேறுகிறது. பின் யாருக்கு இச்செய்தி?

விடை: இன்னும் சேராதவருக்கு. ஆறாம் வகுப்போடு முடியும் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளின் பெற்றோரும் இம்மடலைத் தேடிப் படிக்கிறார்கள். போகிறவருக்குப் பெயர் குறித்த நன்றி, வருகிறவருக்குப் பெயர் குறிக்காத கட்டடம் என முறை பிரித்து வைத்தார் முதல்வர். இடையில் நிற்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பன வேலியும், தூசியும், மதிய உணவுக்கு ஒதுக்கிய புதிய மூலையும். அப்பிள்ளைக்கு ஜேசிபி பார்க்கக் கிடைத்ததில் குறையொன்றும் இல்லை என்பது வேறு.

புறனடை:

சொல்லா தொழிந்தன உளவெனின் அவற்றை
அலுவல கத்தை அழைத்தறிந் திடலே.

இதன் பொருள் வெளிப்படை. அலுவலகம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசி வரை மூடப்படும்.