ஹோமரின் ஃபாவோஸ்

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களில் ஒளிக்கு வழங்கும் பெயர் 'ஃபாவோஸ்'. ஏதென்ஸ் மக்களின் வழக்கில் அது 'ஃபோஸ்' என்று சுருங்கியது. அந்தச் சுருங்கிய சொல் வேற்றுமை ஏற்கும்போது 'ஃபோட்டோஸ்' ஆகும். நாம் அன்றாடம் சொல்லும் போட்டோ அங்கிருந்து வந்தது. 1926-இல் கில்பர்ட் லூயிஸ் எழுதிய கடிதத்துக்குப் பின் பரவிய 'ஃபோட்டான்' என்ற பெயருக்கும் அதுவே வேர்.

அகராதி முதலில் தரும் பொருள் பகல் வெளிச்சம். ஆனால் ஹோமரிடம் கதிரவனின் ஒளியைக் காண்பது என்றால் உயிரோடு இருப்பது. அதைவிட்டு நீங்குவது சாவு. இறந்தோர் போய்ச்சேரும் ஹேடீஸில் வெயில் நுழைவதில்லை. ஆகவே இதை வெறும் அணி என்று ஒதுக்க முடியாது.

போர்க்களத்தில் இச்சொல்லுக்கு மீட்பு என்ற பொருளும் உண்டு. இலியட் ஆறாம் காண்டத்தில் கிரேக்க வீரன் அயஸ் எதிரிகளான திரோயர் அணியை உடைக்கிறான். தோழர்களுக்கு ஒளி தந்தான் என்கிறார் ஹோமர். பதினெட்டாம் காண்டத்தில், போரில் மாண்ட தோழன் பத்ரோக்ளஸுக்குத் தான் ஒளியாக இல்லாமற்போனதைச் சொல்லி அக்கிலீஸ் நொந்துகொள்கிறான். இவற்றுக்கு நடுவே, பதினேழில், பத்ரோக்ளஸின் உடலைச் சுற்றிப் போர் நடக்கையில் மூடுபனி கவிகிறது. யாரைத் தூது அனுப்புவது என்று பார்க்கக்கூட வழியில்லை. அயஸ் அழுதபடி தலைமைக் கடவுள் சேயுஸை வேண்டுகிறான்: இருளை நீக்கு, கொல்வதானாலும் ஒளியில் வைத்துக் கொல். உயிரைக் கேட்காமல் ஒளியைக் கேட்கும் அந்த வேண்டுதலில்தான் இச்சொல்லின் முழுக் கனமும் இருக்கிறது. பனி விலகுகிறது, வெயில் அடிக்கிறது.

பன்மையில் இது கண்களையும் குறிக்கும். ஒடிசி பதினாறாம் காண்டத்தில், ஊர் திரும்பிய ஒடிசியஸின் மகன் தெலமாக்கஸின் தலையையும் கைகளையும் அழகிய 'ஒளிகள்' இரண்டையும் பன்றி மேய்க்கும் யூமேயஸ் முத்தமிடுகிறான். பிறகு அவனையே இனிய ஒளி என்று விளிக்கிறான். பிள்ளையைக் கண்ணே என்று கொஞ்சும் நமக்கு இதில் வியப்பில்லை.

கற்பனையைக் குறிக்கும் 'ஃபந்தாசியா' ஃபாவோஸிலிருந்து பிறந்தது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. ஒளியின்றிக் காட்சி இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

ஹோமரைத் தமிழாக்குவோர் இவ்விடங்களில் மீட்பர், கண், மகனே என்று பொருளைப் பிரித்து எழுத வேண்டாம். எல்லா இடத்திலும் ஒளி என்றே எழுதுங்கள். தமிழ் வாசகருக்கு விளங்கும்.