மெலிய வைக்கும் சாக்லேட்

2015இல் அமெரிக்க அறிவியல் இதழாளர் ஜான் போஹன்னன், மாவுச்சத்தைக் குறைத்துக் கறுப்பு சாக்லேட்டும் தின்றால் உடல் சீக்கிரம் மெலியும் என்று 'நிறுவினார்'. ஆய்வு ஜெர்மனியில் நிஜமாகவே நடந்தது; ஆட்கள்தான் 15 பேர். எடை, கொழுப்பு, தூக்கம் என்று அளந்தவை 18. இப்படி அளந்தால் ஏதேனும் ஒன்று தற்செயலாகவே தேறிவிடும். தேறியது எடை, தூக்கம் தேறியிருந்தால் சாக்லேட் தாலாட்டாகியிருக்கும். அவர் சொல்லிக்கொண்ட ஆய்வு நிறுவனம் வெறும் இணையதளம். 600 யூரோ பெற்ற ஆய்விதழ் ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிட்டது. 'பில்ட்' நாளேடு முதல் பக்கத்தில் போட்டது. பல நாட்டு ஊடகங்கள் பரப்பின. எத்தனை பேரை ஆராய்ந்தீர்கள் என்ற கேள்வி அநேகருக்குத் தோன்றவில்லை, பசி அப்படி. மே மாதம் போஹன்னனே குட்டை உடைத்தார்.