கயல்விழியின் கடைசி எழுத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. கயல்விழி என்று பெயர் வைப்பதாக முடிவாகிறது. தாத்தா பாட்டிக்குச் சம்மதம்; அத்தைமார்கூட முகம் சுளிக்கவில்லை. சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். பதிவிலாகா பாரத்தில் பெயரை ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், நிரப்ப வேண்டும். பேனா ‘கயல்’ வரை தங்குதடையின்றி ஓடுகிறது, ‘வி’யையும் தாண்டுகிறது, கடைசி எழுத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. எல் போடுவதா, இசட்-எச் போடுவதா? முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. 1987-இலும் 2015-இலும் அதே நகரில் அறிஞர்கள் மீண்டும் கூடினார்கள். ஆனாலும் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கு இன்றுவரை விடை வந்து சேரவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எல் போட்டால் ஊரார் அப்பெயரைச் சரளமாகத் தவறாகச் சொல்வார்கள். இசட்-எச் போட்டால் திக்கித் திணறித் தவறாகச் சொல்வார்கள். இவ்விரண்டில் திணறிச் சொல்லும் தவறே மேலானது, ழகரத்தைக் காப்பாற்றுவதும் அதுவே என்பது இங்கே நிறுவப்படும். இதற்கு ‘இடறல் கொள்கை’ என்று பெயரிடுகிறோம்.

முதலில் சிக்கலின் வயதைக் கணிப்போம். பால்மரக் காலத்துத் தோட்டங்களில் இது கிடையாது. விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் வாய், பதில் சொன்னதும் வாய். எழுத்து என்பது தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடந்த சங்கதி. அங்கே லட்சுமியின் நடுவில் டி-சி-எச் என்று மூன்று எழுத்துகள் வந்து குடியேறின, பழனியம்மாவும் அழகம்மாவும் எல் போட்டுப் பதிவானார்கள், யாருக்கும் வலிக்கவில்லை. ழகரம் பெண் பெயர்களில் பெருகியது பிற்பாடு. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தம் பெயரையே மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்து போனார். கோ. சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ மலாயாத் தமிழர்களிடமும் வந்து சேர்ந்தது. இந்தக் காற்றெல்லாம் பட்டபின் அஞ்சலைகளும் மாரியாயிகளும் தங்கள் பேத்திகளுக்குத் தேன்மொழி, பூங்குழலி, எழிலரசி, யாழினி என்று பெயர் கேட்டுப் பழகினார்கள். மொழி, விழி, குழல், எழில், யாழ், மகிழ் என்று பெண் பெயருக்கு வேண்டிய சரக்கு முழுவதிலும் ழகரம் அமைந்தது தற்செயலே, விளைவு பெரிது. அன்பழகனிலும் ழகரம் உண்டுதான், ஆனால் அது நடுவில் பதுங்கிக்கொள்கிறது. கயல்விழியிலோ அது கடைசியில், யாராலும் விழுங்க முடியாத இடத்தில் வந்து நிற்கிறது. 2001-இல் மைகார்டு என்னும் அடையாள அட்டை வந்ததிலிருந்து அது சில்லுக்குள்ளும் ஏறிவிட்டது.

அடுத்து ஒலி. பழம், வாழை, மழை என்று தினமும் புழங்கும் சொற்களில் இந்த எழுத்து இருந்தும், தாப்பாவில் அது நாக்கில் வாழ்வதைவிடத் தாளில் வாழ்வதே அதிகம். தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து வந்த பழக்கப்படி பழம் ‘பளம்’ ஆகிறது. வடபகுதிப் பழக்கப்படி ‘பயம்’ ஆகிறது. ‘இழுத்து’ அங்கே ‘இஸ்து’ என்றும் ஆகும். தொல்காப்பியரைக் கேட்டால் அவர் வேறொரு குண்டைப் போடுகிறார். பிறப்பியலில் அவர் ழகரத்தை வைத்திருப்பது ரகரத்தோடு: நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருட இரண்டும் பிறக்கும் என்கிறார். லகர ளகரங்களுக்குத் தனி நூற்பா. அதாவது நாம் ழகரத்துக்கு மாற்றாக வைத்திருக்கும் ளகரம் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கூட இல்லை. சோழமண்டலத்தைக் கோரமண்டலம் என்று ரகரம் போட்டு எழுதிய ஐரோப்பிய மாலுமிகளைப் பார்த்து நாம் காலமெல்லாம் சிரித்திருக்கிறோம். தொல்காப்பியர் கணக்கில் அவர்கள் தேர்வு பெறுகிறார்கள், கீழ்ப்பாக்கத்துக்கு எல் போட்ட வெள்ளைக்காரன்தான் தோற்றுப்போகிறான். மாண்டரின் மொழியிலும் நாக்கை வளைத்துச் சொல்லும் ஒரு ரகரம் உண்டு. ஒலியியலார் அதற்கும் நம் ழகரத்துக்கும் ஒரே குறியைப் போடுவது வழக்கம். ஆக, தாப்பாக் கடைத்தெருவில் கயல்விழியை ஏறக்குறையச் சரியாகச் சொல்லும் வசதி படைத்தவர், கொள்கையளவில், மாண்டரின் பேசும் மளிகைக் கடைக்காரர். தென்சீன வழிவந்தவர்கள் நாக்கை அவ்வளவாக வளைப்பதில்லை என்பதும், அவருக்கு முன்னால் இருக்கும் எழுத்து ஆர் அன்று, இசட்-எச் என்பதும் நம் துரதிர்ஷ்டம்.

இனி இசட்-எச்சைப் படிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் கற்றவருக்கு அது ஜாங், ஜோ முதலிய குடும்பப் பெயர்களின் தொடக்கத்தில் நிற்கும் எழுத்து. வாயில் ஜகரத்தை ஒட்டி வரும். மலாய்க்காரருக்குச் சிக்கல் வேறு. 1972-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் மலாயில் பழைய சி-எச்சைச் சியாகவும் எஸ்-எச்சை எஸ்-வையாகவும் மாற்றியது. ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்ததால்தான் தாப்பாவுக்குப் பக்கத்துச் செண்டிரியாங் இன்னும் பழைய சி-எச்சோடு நிற்கிறது. எச் என்பது முன்னால் நிற்கும் எழுத்தின் குணத்தை மாற்றும் என்ற எதிர்பார்ப்பு புதுத் தலைமுறைக்குக் குறைந்துவிட்டது. போதாததற்கு, ஹாஃபிஸ் என்ற பெயரையே இசட்-எச்சில் முடிக்கும் மலாய்க் குடும்பங்கள் உண்டு. எனவே கவர்மெண்டு கிளினிக்கில் எண் எரிந்ததும் தாதியான மிஸ்ஸி அட்டையைப் பார்த்து, “கா… யல்… வி…” என்று தொடங்கி, அங்கே ஒரு கணம் நின்று, கண்ணாடிக்கு மேலாகக் கூடத்தை ஒருமுறை பார்த்து, “ஸி?” என்று கேள்வியாக முடிக்கிறார். அவர் முடிப்பதற்குள் கயல்விழி எழுந்துவிடுகிறாள். அவளை எழுப்பியது பெயரன்று. அந்த ஒரு கண நிறுத்தம். நம் கொள்கைக்கு அடிப்படைச் சான்று இந்த நிறுத்தமே. ‘இஸ்து’ என்று பேசிய வடஆர்க்காட்டு மூதாதையரின் ஒலிமாற்றத்தை மிஸ்ஸி தன்னையறியாமல் திரும்பச் செய்திருக்கிறார் என்பது உபரிச் சான்று.

இதே நோய் உலகில் வேறெங்கும் உண்டா என்றால், அயர்லாந்தில் உண்டு, அங்கே முற்றிய நிலையில் உண்டு. என்-ஐ-ஏ-எம்-எச் என்று எழுதிவிட்டு ‘நீவ்’ என்று கூப்பிடுகிறார்கள். எஸ்-ஏ-ஓ-ஐ-ஆர்-எஸ்-இ என்ற பெயரைப் பலர் ‘சீர்ஷா’ என்கிறார்கள். அப்பெயர் கொண்ட நடிகை ரோனன் தம்மைச் ‘சர்ஷா’ என்று சொல்லிக்கொள்கிறார், அதைப் பேட்டிதோறும் விளக்கியும் வருகிறார். விடுதலை என்று பொருள்படும் அச்சொல் பெண் பெயராக வழங்கத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டில்தான். நம் தேன்மொழிகளைப் போல அதுவும் மொழிப்பற்றும் நாட்டுப்பற்றும் ஈன்ற பிள்ளை. ஐரிஷ்காரரின் எச்சுக்கு ஒரு பூர்வீகமும் உண்டு: முன்பு அவர்கள் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைத்து அதன் ஒலி மெலிந்ததைக் காட்டினார்கள், ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி இறங்கிப் பக்கத்தில் எச்சாக உட்கார்ந்துகொண்டது. நாம் கவனிக்க வேண்டியது அவர்களின் மனத்துணிவை. நீவைப் பிறர் வசதிக்காக என்-ஈ-ஈ-வி என்று அவர்கள் மாற்றிவிடவில்லை. உலகம் இடறியது, கேட்டது, கற்றுக்கொண்டது.

இடறல் கொள்கைக்கு எதிராக எழும் தடைகளை இனி ஒவ்வொன்றாகக் காண்போம். ‘தமிழ்’ என்ற சொல்லையே எல் போட்டுத்தானே எழுதுகிறோம், கயல்விழி மட்டும் என்ன உசத்தி என்பது முதல் தடை. அந்தச் சொல்லே நமக்குச் சாட்சி. பள்ளிப் பெயர்ப்பலகையிலிருந்து அரசாங்க அறிக்கை வரை எல் போட்டு எழுதியதன் பலனாக, உலகமே ‘டமில்’ என்று ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்கிறது. ‘நான் சொன்னது சரியா?’ என்று யாரும் திரும்பிப் பார்த்துக் கேட்பதில்லை. சாலையில் மேடு போட்டால்தான் வண்டி மெதுவாகும்; எல் என்பது மேடே இல்லாத சாலை. தொல்காப்பியரே சொன்னபடி ஆர் போடலாமே என்பது இரண்டாம் தடை. ஒலியளவில் இது வலுவானது. ஆனால் ஆர் போட்டால் மிஸ்ஸி நிற்காமல் ‘கயல்விரி’ என்று படித்துவிட்டுப் போவார். இலக்கணத்துக்கு நெருங்கியிருந்தும் இடறல் இல்லாததால் இது தள்ளுபடி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் வழியில் எல்லுக்குக் கீழே கோடு போடலாமே என்று புலவர்கள் சொல்லக்கூடும். கோட்டைப் பதிவிலாகாவின் கணினி ஏற்காது. ஏற்றாலும் அச்சுப் பிசிறு என்றே பிறர் நினைப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒலிக்கிறபடியே எழுதிவிடுவோம் என்று கிளம்புவோருக்குத் தமிழ்நாடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2020-இல் அங்கே 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒலிக்கேற்ப மாற்றி அரசாணை வெளியிட்டார்கள். வெளியே தெரிந்த சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மலாய்க்காரரும் சீனரும் நம் பெயரைக் கொல்கிறார்கள் என்று வருந்துவோரின் தடையும் உண்டு. அவர்கள் மனுவை ஏற்குமுன் எதிர்மனுவைப் பார்க்க வேண்டும். தாப்பா, ஈப்போ, தெமோ, பத்து காஜா, தானா ராத்தா: இவற்றின் மலாய் வடிவங்கள் எல்லாவற்றிலும் ஓர் எச் உண்டு. கம்பீரமாக மூச்சுவிட்டு முடியும் அந்த ஹகரத்தைப் பேராக்கிலிருந்து கேமரன் மலை வரை ஒன்றுவிடாமல் விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறோம். பேராக் என்று கடைசியில் அழுத்துகிறோமே, மலாய்க்காரர் வாயில் அந்தக் ககரம் தொண்டையோடு நின்றுவிடும். ஊரையே நம் வசதிக்கு வெட்டிக்கொண்டவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்காகக் கோபப்படுவது நியாயமாகாது. தாப்பா என்பது ஓர் ஆற்று மீனின் பெயர் என்பார்கள். மீன் பெயர்கொண்ட ஊரில் மீன்விழியாள் ஒருத்தி பிறந்திருக்கிறாள். இரு தரப்பும் ஆளுக்கொரு எழுத்தைத் தின்றிருக்கிறார்கள். கணக்கு நேராகிவிட்டது.

எல்லாவற்றிலும் கனமான தடை கடைசியாக வருகிறது. இதனால் பிள்ளைக்குத்தானே தொந்தரவு? தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் அவள் பெயர் தமிழில் இருந்தது. இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் நாளே ஆசிரியரான சிகு வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். வங்கி, மருத்துவமனை, நேர்முகத் தேர்வு என்று வாழ்நாள் முழுவதும் அவள் ஒரே பாடத்தை நடத்த வேண்டியிருக்கும். இது உண்மையான சுமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாடத்தை நடத்துவதற்கு அவளுக்கே முதலில் ழகரம் வர வேண்டும். எப்படிச் சொல்வது என்று சிகு கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் நாக்கை மடித்துக் காட்டியாக வேண்டும். எல் போட்ட கயல்விழியை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவள் நாக்கும் மடங்குவதில்லை. தாத்தாவின் தோட்டத்தில் தொலைந்த ஒலி பேத்தியின் வாயில் திரும்பக் கிடைக்கிறதென்றால், அது தமிழ் வகுப்பைவிடக் கிளினிக் முகப்புக்கே அதிகம் கடன்பட்டது. ஆனால் இக்கொள்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது தவறினால் கட்டடம் முழுவதும் சரிந்துவிடும். வீட்டில் எல்லாரும் ‘கயல்விளி’ என்று கூப்பிட்டால், சிகு கேட்கும்போது அவளும் அதையே சொல்வாள். இடறியவர் தவறான விடையை வாங்கிக்கொண்டு போவார். சுமை மட்டும் மிஞ்சும், பயன் இருக்காது. ஐரிஷ்காரர் வீட்டில் நீவை நீவ் என்றே கூப்பிடுவதால்தான் அவர்களின் எச்சுக்கு மரியாதை.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு இது. ழகரம் உள்ள பெயரை இசட்-எச் போட்டுப் பதிய விரும்பும் பெற்றோர், பாரத்தை வாங்குவதற்கு முன் வீட்டில் ஆளுக்கு மூன்று முறை வாழைப்பழம் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றும் வாழைப்பழமாகவே வந்தால் தாராளமாக இசட்-எச் போடலாம். பிள்ளை படும் பாட்டுக்குப் பலன் உண்டு. ஒருமுறையேனும் ‘வாளப்பளம்’ வந்தால் பேசாமல் எல் போட்டுவிட்டு, குழந்தையைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.