நானா அல்லாத நானா

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் தாடி வைத்த இந்துத் தமிழர் ஒருவராவது இருப்பார். வீட்டுச் சாமியறையில் முருகன் படம், வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, ஆண்டுக்கொருமுறை கதிர்காமம் என்று எந்தக் குறையும் இல்லாத சைவர். ஆனால் வாசலைத் தாண்டியது முதல் வீடு திரும்பும்வரை ஊருக்கு அவர் முஸ்லிம். காலையில் பூசிய திருநீறு சந்திக்கு வந்து சேருவதற்குள் வியர்வையில் கரைந்துவிடுகிறது. தாடி கரைவதில்லை.

தாடி வளர்ந்த கதை பெரும்பாலும் அசல் இந்துக் கதையாகவே இருக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் சவரத்தை விட்டவர், மலைக்குப் போய் வந்தபின் கண்ணாடி பார்த்து 'இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது' என்று நிறுத்திக்கொண்டிருப்பார். மனைவி முழுகாமல் இருந்தபோது வழக்கப்படி விட்ட தாடி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் இறங்காமல் இருக்கும். காதல் தோல்வியில் வளர்த்தவர்களும் உண்டு; காதலி பேர்த்தி எடுத்துவிட்டாள், தாடி மட்டும் நிற்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் சலூன் செலவை மிச்சம் பிடிக்கப் போய்த் தாடிக்காரர் ஆனவர்கள் அண்மைய வரவு. தமிழர்களிடையே மிகப் பேர்போன வெண்தாடி, கடவுளே இல்லை என்ற பெரியாருடையது. அந்த முன்னுதாரணத்தைச் சந்தியில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம்களில் பலர் மீசையை ஒட்டக் கத்தரித்துத் தாடியை விடுவார்கள். இந்தச் சைவரோ மீசையை முறுக்கி, அதன் தொடர்ச்சியாகத்தான் தாடியை நடத்துகிறார். ஆனால் ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குபவருக்கு மீசையை ஆராய நேரம் கிடையாது.

பிழைக்கு ஊரின் இருப்பிடமும் உடந்தை. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ-9 வீதி மகாவலியைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் கடந்து அக்குறணை வழியாக மாத்தளைக்குப் போகிறது. அக்குறணை பெயர்பெற்ற முஸ்லிம் வியாபார நகரம். ஆகவே மாத்தளை பஸ்ஸில் ஏறும் எந்தத் தாடியும் நடத்துநரின் கணக்கில் அக்குறணைத் தாடிதான். "அகுரணத நானா?" (அக்குறணையா, அண்ணே?) என்று கேட்டு, பதில் வருவதற்குள் டிக்கெட்டைக் கிழித்துவிடுவார். பயணி போவதோ மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு. மடியில் அர்ச்சனைத் தட்டு இருந்தாலும் பயனில்லை. பை மூடியிருக்கிறது, தாடி திறந்திருக்கிறது. அக்குறணை வந்ததும் "நானா, பஹின்ன" (இறங்குங்கள்) என்று இரண்டு முறை அன்போடு எழுப்பியும் விடுவார்கள்.

பார்த்ததை வைத்து முடிவுகட்டும் பழக்கத்துக்குக் கட்டுகஸ்தோட்டையின் பெயரே பலியானது. தமிழில் படிப்பவர் 'தோட்டை' என்பதைத் தேயிலைத் தோட்டத்தோடு சேர்த்துவிடுவார். அது சிங்களத் 'தொட்ட', ஆற்றுத்துறை. கட்டு என்பது முள், கஸ் என்பது மரங்கள். முள்மரத் துறையைத் தோட்டமாக்கியவர்கள், சைவரை நானாவாக்கியதில் வியப்பில்லை.

உண்மையில் தாடியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. கண்டிப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆணைக் கூப்பிட மதமோ இனமோ ஒட்டாத சொல் கிடைப்பது அரிது. சற்று மூத்த தமிழர் 'அண்ணே', முஸ்லிம் 'நானா', சிங்களவர் 'அய்யே'. மூன்றும் ஒரே உறவு, மூத்த சகோதரன். பாசத்தில் குறைவில்லை; ஆனால் எந்தப் பாசம் என்பதை வாய் திறக்குமுன் கண் தீர்மானித்தாக வேண்டும். கிடைப்பது ஒரு நொடி. நெற்றியில் ஒன்றுமில்லை, மோவாயில் ஏதோ இருக்கிறது, வழக்கு முடிந்தது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று கெட்டிக்கார வியாபாரிகள் எல்லாரையும் 'முதலாளி' என்றழைக்கிறார்கள். பையில் பஸ் காசு மட்டும் உள்ளவருக்கும் அது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

அடுத்த கட்டம் ஸலாம். எதிரே வரும் பெரியவர் நிறைந்த மனத்தோடு "அஸ்ஸலாமு அலைக்கும்" என்கிறார். 'வணக்கம்' என்று பதில் சொன்னால் அவர் கூசிப்போவார். சும்மா போனால் மரியாதை கெட்டவன் என்றாகிவிடும், அதுவும் ஒரு முஸ்லிம் குடும்பத்து மரியாதை கெட்டவன். ஆகவே இந்த வகை ஆள் "வஅலைக்கும் ஸலாம்" என்று முறையாகவே சொல்லப் பழகிவிடுகிறார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். சமாதானம் கூறிக்கொண்ட இருவர் உடனே பிரிவது கண்டியில் வழக்கமில்லை. "எந்த ஊரு?" முதல் கேள்வி, தப்பிக்கலாம். "எங்க கலியாணம் முடிச்சீக்கி?" இரண்டாவது, மாத்தளை என்று மழுப்பலாம். "வாப்பாட பேரென்ன?" என்ற மூன்றாவதில் சுப்பையாவோ ராமையாவோ வெளியே வந்தே தீர வேண்டும். அதன்பின் இருவரும் சிரிப்பார்கள், பெரியவர் மன்னிப்புக் கேட்பார், இவர் அதைவிடப் பெரிய மன்னிப்புக் கேட்பார். மறுநாள் அதே இடத்தில் அதே பெரியவர் மறந்துபோய் மறுபடியும் ஸலாம் சொல்வார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் தேநீர்க் கடை வாசலில் நின்றால் "ஜும்மாவுக்கு வரல்லயா தம்பி?" என்ற அக்கறை வந்து விழும். ரமழான் பகலில் பிளேன்டீ குடிப்பதற்கு இன்னும் அதிக துணிச்சல் வேண்டும். கொத்துக் கடையில் "மாடா கோழியா நானா?" என்பார்கள். சைவக் கடையிலோ கல்லாவில் இருப்பவர், நம் சாப்பாட்டை விரும்பி வந்த வேற்றுமதத்தவர் என்று பெருமைப்பட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொல்வார். லாபங்களும் இல்லாமலில்லை. நோன்புக் கஞ்சியும் பெருநாள் வட்டலப்பமும் அக்கம்பக்கத்தவர் எல்லாருக்கும் போகும். தாடிக்காரர் பங்கில் முந்திரிப் பருப்பு கொஞ்சம் கூடுதல் என்பது வீட்டுக்காரியின் குற்றச்சாட்டு. தாடி நரைத்ததும் பதவி உயர்வும் தானே வருகிறது. கடவுச்சீட்டுக்கூட எடுக்காதவர் 'ஹாஜியார்' ஆகிவிடுகிறார்.

பெண்களின் நிலை இதன் மறுபக்கம். அங்கே தவறுக்குக் காரணம் இருப்பதல்ல, இல்லாதது. பொட்டு வைக்காத கிறிஸ்தவத் தமிழ்ப் பெண் வெயிலுக்குச் சல்வார் சால்வையைத் தலையில் போட்டால் அவ்வளவுதான், 'தாத்தா' ஆகிவிடுகிறாள். கண்டி முஸ்லிம்களின் பேச்சில் தாத்தா என்பது அக்கா. உடையும் இப்படித்தான் ஏமாற்றும். காவி உடுத்த இந்துத் துறவிக்குப் பஸ்ஸில் முன் ஆசனம் உடனே கிடைக்கும். அது மதகுருமாருக்கென்று ஒதுக்கிய இடம். எழுந்து கொடுப்பவர் பௌத்தத் தேரரை நினைத்து எழுகிறார், அமர்பவர் சுவாமி.

சிரிக்க முடியாத நாட்களும் இந்தத் தாடிக்கு உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அந்த வாரம் சந்தியில் 'நானா' என்ற சொல் அன்பாகக் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பார்வைகள் இன்னும் கூர்மையாயின. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடையில் அச்சிட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர்கள் கண்டது பௌத்தத்தின் தர்மச்சக்கரம். இது புதிதும் அல்ல. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையின்போது பொட்டே ஆபத்தாகி, அதை அழித்துவிட்டு வீதியில் இறங்கிய தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இந்த நாட்டோடு நிற்பதும் இல்லை. செப்டம்பர் 11 தாக்குதல்களை அடுத்து, 2001 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர், தலைப்பாகையும் தாடியுமாகத் தமது பெட்ரோல் நிலையத்தின் வெளியே செடி நட்டுக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை முஸ்லிம் என்று எண்ணியவன் சுட்டான். முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் அது கொலைதான்.

இப்படியான நாட்களில் பொலிஸார் மறித்தால், இந்த வகை ஆள் நம்பிக்கையோடு தேசிய அடையாள அட்டையை நீட்டுவார். பெயரைப் பார்த்ததும் பொலிஸ்காரர் முகத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்த்ததும் மறுபடி பெயரை. அட்டையில் மதம் என்றொரு இடம் கிடையாது. படம் உண்டு. ஆனால் அது சாதாரண தரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூட வயதில் எடுத்தது. அதில் தாடி இல்லை.