பருப்பு டப்பாவும் கட்டம் போட்ட பெட்டியும்

சிறுவாடு சேர்க்க என் அம்மாவிடம் எழுதாத சட்டங்கள் சில இருந்தன. சலவை நோட்டு கைக்கு வந்தால் செலவழிக்கக் கூடாது. அந்தக் காலத்துத் தடித்த ஐந்து ரூபாய் நாணயம் வந்தால் அன்றைக்கே உண்டியலுக்குப் போய்விட வேண்டும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக் குறைத்த காசு குடும்பத்துக்குச் சொந்தமில்லை, பேசியவளுக்குச் சொந்தம்.

தொண்ணூறுகளில், மதுரையில், ஒன்றாம் தேதி அப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பார். வாடகை, பால், மளிகைக்கடை நோட்டு, சீட்டு என்று தனித்தனியாக மடித்து, அலமாரியில் விரித்த செய்தித்தாளுக்கு அடியில் அம்மா வைப்பார். மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கலாம் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாது. செலவு நடக்கும்போதே, செலவிலிருந்தே கிள்ளி எடுப்பதுதான் சிறுவாடு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார்களே, அதே கை, அதே பழக்கம்.

நோட்டுகள் துவரம் பருப்பு டப்பாவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, பருப்புக்கு அடியில் கிடக்கும். அந்த டப்பாவுக்குள் போகும் கை அம்மாவுடையது மட்டும்தான். அப்பாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் கேட்காமல் இருந்தார், அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அக்காவின் கம்மல் அந்த டப்பாவிலிருந்து வந்தது. என் கல்லூரித் தேர்வுக் கட்டணம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடுராத்திரியில் வலி எடுத்தபோது ஆட்டோவுக்கும் மருந்துக்கும் பணம் அங்கிருந்துதான் போனது. யாரிடமும் கை நீட்டாமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஒரு பெண் அந்தச் செலவுகளைச் செய்தார்.

நாணயங்களுக்குச் சந்தையில் வாங்கிய மண் உண்டியல். அதை உடைக்கும் நாளில் தரையில் பழைய வேட்டியை விரித்து, அம்மிக் குழவியால் ஒரே தட்டு. ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்குவோம். பிறகு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பத்துப் பத்தாக அடுக்குவோம். கை முழுக்க இரும்பு வாடை ஏறிவிடும். அடுக்கியதைத் துண்டில் முடிந்துகொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனால், கடைக்காரர் சிரித்த முகத்தோடு எண்ணி வாங்கி நோட்டாகத் தருவார். அன்றைக்குச் சில்லறைக்கு அவ்வளவு மதிப்பு. மீதிக் காசு இல்லாமல் பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த காலம் அது.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தபோது அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் பருப்பைத் தாம்பாளத்தில் கொட்டி, பையை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டலாம், இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை கட்டினால் கேள்வி இல்லை என்றெல்லாம் அரசு சொன்னது. அம்மாவின் பணம் அந்த வரம்புக்கு அருகில்கூட வராது. பணம் போகவில்லை, ஒரு ரூபாய் குறையாமல் கணக்கில் ஏறியது. ஆனால் அது அப்பா பெயரும் சேர்ந்த கணக்கு. அதற்குப் பிறகு அம்மா டப்பாவில் எதையும் வைக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் இதே காட்சி நடந்திருக்கும். நோட்டு மாற்றத்தின் கணக்கெழுதியவர்கள் இந்த இழப்பை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது சென்னையில் இருக்கும் என் மகள் வீட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மேல்பக்கம் முழுக்கக் கட்டம். 50, 100, 200, 500 என்று எண்கள். பணம் போடப் போட அந்த எண்ணைப் பேனாவால் அடிக்க வேண்டும். சேவிங்ஸ் சேலஞ்ச் என்கிறார்கள். பெட்டியில் போடுவதற்காக அவள் ஏடிஎம் போகிறாள்! காய்கறி, ஆட்டோ, காபி எல்லாம் போனிலேயே முடிந்துவிடுவதால் வீட்டில் ரொக்கமே இல்லை. அன்று கையில் புரண்ட காசு உண்டியலுக்குப் போனது. இன்று உண்டியலுக்காகக் காசைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அவள் செய்வது நல்ல காரியம். போனில் தட்டும்போது தெரியாத பணத்தின் கனம், நோட்டை மடித்து உள்ளே தள்ளும்போது தெரிகிறது.

அவள் தோழி செய்வது 52 வாரச் சவால். முதல் வாரம் 10 ரூபாய், அடுத்த வாரம் 20, இப்படியே ஏறி 52-ஆம் வாரம் 520. மொத்தம் 13,780 ரூபாய். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஜனவரியில் தொடங்கினால் கனமான வாரங்கள் தீபாவளிச் செலவோடு வந்து மோதும், கடைசி நான்கு வாரத்துக்கு மட்டும் 2,020 ரூபாய் வேண்டும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள் என்று சொன்னேன். உற்சாகம் இருக்கும் முதல் வாரத்தில் 520, டிசம்பரில் பத்தும் இருபதும். தொகை அதேதான், மூச்சு முட்டாது.

என் கவலை மகளைப் பற்றியதல்ல, அவளுக்குச் சம்பளம் இருக்கிறது, சொந்தக் கணக்கு இருக்கிறது. எங்கள் தெருவில் பூ விற்கும் பெண்ணைப் பற்றியது. அவர் கூடையின் பக்கத்தில் கியூஆர் அட்டையும், பணம் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லும் சின்ன ஸ்பீக்கரும் இருக்கின்றன. ஒருநாள் நான் போனை நீட்டியபோது தயங்கிவிட்டுச் சொன்னார்: “காசா இருந்தா குடுங்கக்கா. இதுல போட்டா எல்லாம் மகன் கணக்குக்குப் போயிருது. முன்னெல்லாம் சுருக்குப் பையில இருந்து அப்பப்ப எடுத்து வைப்பேன். இப்ப எனக்கு ஒரு டீ குடிக்கணும்னாலும் அவன்ட்ட கேக்கணும்.”

உட்கார்ந்து பேசினோம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது. அதில் நூறை எடுத்துத் தபால் அலுவலகத்தில் தொடர் வைப்பில் போடலாம் என்று சொன்னேன். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடம். இப்போதைய 6.7 சதவீத வட்டியில், கட்டிய 6,000 ரூபாய் 7,100-ஐத் தாண்டும். வீட்டில் கிடக்கும் நோட்டு விலைவாசியில் தேய்வதுபோல் இது தேயாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பூவைத் தொடுத்து முடித்தார். வட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“பாஸ்புக்கு வீட்டுக்கு வருமாக்கா, இல்ல நானே போயி வாங்கிக்கலாமா?”

“நீங்களே போய் வாங்கிக்கலாம்.”

“அப்ப நாளைக்குக் காலையில போவோம். ஆதார் எடுத்துட்டு வாறேன்” என்றார்.